தெய்வ பயமும் கிருபையும்: திருவிருந்துக்குப் போகாமல் இருக்கும் தம்பிக்கு

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாகத் தருகிறேன்: "சின்ன வயதிலிருந்தே பாட்டி 'தெய்வ பயம் வேணும் மக்கா' என்று சொல்லித்தான் வளர்த்தார். இப்போது நாகர்கோவிலில் வேலை. இங்கே நான் போகிற வாலிபர் கூட்டத்தில், பயமெல்லாம் பழைய ஏற்பாடு, நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம், பயப்படவே கூடாது என்கிறார்கள். குடும்ப நிலத்தை விற்ற பணத்தில் அண்ணனுக்குச் சேர வேண்டியதில் கொஞ்சத்தை நான் மறைத்துவிட்டேன். அதிலிருந்து ஒன்றரை வருடமாக எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) எடுக்கவில்லை. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், எடுத்தால் தண்டனை வரும் என்ற பயம். பயம் சரியா, கிருபை சரியா? இரண்டையும் எப்படிச் சமமாக வைப்பது?"

தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சமமாக வைக்க முயற்சி செய்யாதீர்கள். தராசில் ஒரு தட்டில் பயத்தையும் மறு தட்டில் கிருபையையும் வைத்துப் பார்ப்பது நம்மில் பலருக்கும் பழக்கம். கன்வென்ஷனில் ஒரு பிரசங்கம் கேட்டு வந்தால் பயத்தட்டு இறங்கும். இரண்டு நாள் கழித்து ஒரு பாட்டைக் கேட்டால் கிருபைத்தட்டு இறங்கும். நானும் முப்பது வயது தாண்டும்வரை அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தேன். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு 130-ஆம் சங்கீதம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த ஒரு நாள், அதன் நாலாம் வசனத்தில் மாட்டிக்கொண்டேன்.

"உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." மெதுவாக இன்னொரு தடவை வாசியுங்கள். தண்டனை உண்டு, அதனால் பயப்படுகிறோம் என்றிருந்தால் யாருக்கும் விளங்கும். மன்னிப்பு உண்டு, அதனால் இனி பயமில்லை என்றிருந்தாலும் விளங்கும். சங்கீதக்காரர் இந்த இரண்டையும் சொல்லவில்லை. மன்னிப்பு இருக்கிறது, அதனால்தான் உமக்குப் பயப்படுகிறோம் என்கிறார். பயம் பிறக்கிற இடமே மன்னிப்புதான் என்றால், பிறகு எந்தத் தராசில் எதை நிறுப்பது?

இதை விளக்க வேண்டுமென்றால் எனக்கு அப்பாவைப் பற்றித்தான் சொல்ல வரும். அவர் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டினார். பள்ளி விடுமுறையில் விடியுமுன் அவர் பின்னால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். நெற்றியில் லைட்டைக் கட்டியிருப்பார். அந்த வெளிச்சத்தில் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டு கத்தி சரிவாக இறங்கும். வெள்ளைக்கோடாகப் பால் ஓடிவந்து சிரட்டையில் சொட்டும். பால் அதிகம் இருப்பது பட்டையின் உள்பக்கத்தில், தடியை ஒட்டி. மேலோட்டமாகச் சீவினால் பால் கிடைக்காது. ஒரு நூல் ஆழம் கூடினால் கத்தி தடியில் பட்டுவிடும். அந்த இடம் காயமாகி, பட்டை திரும்ப வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும். அடுத்த சுற்றில் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது.

அபூர்வமாக அப்பாவின் கத்தி தடியில் பட்டுவிடும். நின்றுவிடுவார். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவி, "நொந்துபோச்சே" என்பார். தோட்டக்காரர் அங்கே இல்லை. அத்தனை மரத்துக்கு நடுவில் அந்த ஒரு காயத்தை யாரும் கண்டுபிடிக்கப்போவதும் இல்லை. அவருடைய கையும் நடுங்காது. நடுங்குகிற கையால் ரப்பர் வெட்ட முடியாது. திட்டு வாங்கக்கூடாதே என்று பயந்து வெட்டிய புதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் மேலோட்டமாகவே சீவுவான், பாத்திரம் பாதிகூட நிறையாது. பயமே இல்லாத இன்னொருவர் பாலுக்காக ஆழமாக இழுப்பார், மரம் கெடும். அப்பாவுக்கும் பயம் இருந்தது. ஆனால் அது தனக்கு என்ன ஆகும் என்ற பயம் கிடையாது. தனக்குச் சோறு போடுகிற மரத்தை நோகவிடக்கூடாது என்ற பயம்.

ஆதிச்சபையின் போதகர்களான சபைப் பிதாக்கள் இதை அடிமையின் பயம், பிள்ளையின் பயம் என்று பிரித்தார்கள். அவர்களில் ஒருவரான அகஸ்தீன் யோவானின் முதல் நிருபத்தைப் பிரசங்கித்தபோது சொன்ன உதாரணம் இன்னும் கூர்மையானது. இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் பயம். ஒருத்தி கணவன் வந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள், அவள் துரோகம் செய்கிறவள். மற்றவள் கணவன் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று பயப்படுகிறாள். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். கோட்டாறு மறைமாவட்டத்துக் கத்தோலிக்க உறவுகள் உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள். உறுதிபூசுதலுக்குப் படிக்கும்போது தூய ஆவியின் ஏழு கொடைகளில் ஒன்றாகத் தெய்வ பயத்தைப் படித்திருப்பார்கள். அடிமைப் பயத்தை யாரும் கொடை என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, வாலிபர் கூட்டத்தில் சொல்வதற்கு வருகிறேன். அவர்கள் எடுத்துக்காட்டும் வசனம் எனக்குத் தெரியும்: "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்." நல்ல வசனம், முழுக்க உண்மை. ஆனால் அதே வசனத்தின் அடுத்த வரி, எந்தப் பயத்தைத் தள்ளும் என்றும் சொல்லிவிடுகிறது: "பயமானது வேதனையுள்ளது." அந்த 'வேதனை' என்ற இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் கொலாசிஸ், தண்டனை என்று பொருள். முந்தின வசனமும் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றித்தான் பேசுகிறது. வெளியே தள்ளப்படுவது தண்டனையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற பயம். அதை வைத்து எல்லாப் பயத்தையும் தள்ளுவது சரியல்ல.

பயம் பழைய ஏற்பாட்டோடு முடிந்துவிடவும் இல்லை. அப்போஸ்தலர் 9:31-ல் சபைகள் "கர்த்தருக்குப் பயப்படுகிற பயத்தோடும், பரிசுத்த ஆவியின் ஆறுதலோடும்" நடந்து பெருகின என்று எழுதியிருக்கிறது. பயமும் ஆறுதலும் ஒரே மூச்சில் வருகின்றன, ஒன்றுக்கொன்று சண்டை இல்லை. பழைய ஏற்பாட்டுக்கே போனாலும், சீனாய் மலையில் இடியும் மின்னலும் கண்டு ஜனங்கள் நடுங்கி நிற்கும்போது மோசே சொல்வதைப் பாருங்கள் (யாத்திராகமம் 20:20). பயப்படாதிருங்கள் என்கிறார். அதே வாக்கியத்தில், நீங்கள் பாவம் செய்யாதபடிக்குத் தேவனைப் பற்றும் பயம் உங்கள் முகத்துக்கு முன் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். பயப்படாதே, பயப்படு. இரண்டு பயம் இருந்தால்தான் அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே உண்டு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஏசாயா 11. ஈசாயின் அடிமரத்திலிருந்து வருகிற மேசியாவின்மேல் தங்கும் ஆவியைச் சொல்லும்போது, ஞானம், உணர்வு, ஆலோசனை, பெலன், அறிவு, கடைசியில் கர்த்தருக்குப் பயப்படுகிற பயம் என்று வரிசையாக வருகிறது. இயேசுவுக்குப் பாவம் இல்லை. தண்டனைக்குப் பயப்பட வேண்டிய காரணம் ஒன்றுகூட இல்லாதவர் அவர். அவருக்கே கர்த்தருக்குப் பயப்படும் பயம் உண்டு, அது அவருக்குச் சந்தோஷமான காரியம் என்று வேதம் சொல்கிறது. இதற்குப் பிறகும் தெய்வ பயம் என்றால் அடிக்குப் பயப்படுவது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

இப்போது உங்கள் பயம் எந்த வகை என்று பார்ப்போம். அதற்கு இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆதாம் பாவம் செய்தபின் தேவனுடைய சத்தத்தைக் கேட்கிறான். நான் நிர்வாணியாயிருப்பதால் பயந்து ஒளித்துக்கொண்டேன் என்கிறான். வேதத்தில் மனிதனுடைய வாயிலிருந்து 'பயம்' வருவது அதுதான் முதல் தடவை. அந்தப் பயம் அவனை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

மற்றவர் பேதுரு. ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் காலையில் கரையேறுகிற மீனவர். இது குளச்சலிலோ முட்டத்திலோ பார்க்காத காட்சி இல்லை. லூக்கா 5-ல் வலை கிழியக்கிழிய மீன் பட்டதும் இயேசுவின் காலில் விழுந்து, நான் பாவியான மனுஷன், என்னைவிட்டுப் போகவேண்டும் என்கிறார். யோவான் 21-ல் அதே மாதிரி ஒரு காலை, அதே மாதிரி வலை நிறைய மீன். இந்தத் தடவை பேதுருவின் கணக்கில் ஒரு பெரிய பாவம் இருக்கிறது, இயேசுவை மூன்று தடவை மறுதலித்திருக்கிறார். முறைப்படி பார்த்தால் இன்னும் தூரமாக ஓட வேண்டியவர். "அது கர்த்தர்" என்று கேட்டவுடன் என்ன செய்கிறார்? உடம்பில் துணி இல்லை, மேற்சட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார். படகு வந்து சேரும்வரை பொறுக்க முடியவில்லை. ஆதாமும் நிர்வாணி, பேதுருவும் வஸ்திரமில்லாதவர். ஒருவன் ஒளிந்தான், ஒருவர் கரையை நோக்கி நீந்தினார். சட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாரே, அதை நான் பயபக்தி என்று வாசிக்கிறேன். குதித்தாரே, அது நம்பிக்கை. இரண்டும் ஒரு நொடியில், ஒரே ஆளிடம் நடக்கிறது.

தம்பி, ஒன்றரை வருடமாக நீங்கள் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். உங்களைக் குற்றப்படுத்தச் சொல்லவில்லை. நம் குமரி மாவட்டத்தில் அந்தப் பயத்துக்கு நீண்ட வேர் இருக்கிறது, அதை எண்ணும்போது எனக்கு மனம் வலிக்கும்.

மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-ல். அவரிடமும் அவருக்குப் பின் வந்தவர்களிடமும் ஞானஸ்நானம் பெற்ற நம் முன்னோர்களில் பெரும்பாலோர் ஊழியம் என்ற பெயரில் கூலி இல்லாமல் வேலை வாங்கப்பட்டவர்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். நம் பெண்கள் மேலாடை போட்டதற்காக அடிபட்டு, கடைசியில் ராஜாவின் அறிவிப்பு வந்தது 1859-ல். பயம் என்றால் அவர்களுக்கு என்னவென்று தெரியும்: அதிகாரி வருகிறான் என்றால் வழியைவிட்டு விலகி நிற்பது. "திரும்பவும் பயப்படுகிறதற்கு நீங்கள் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல்" என்று ரோமர் 8:15-ஐ முதன்முதல் தமிழில் வாசிக்கக் கேட்டபோது அவர்கள் என்ன உணர்ந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பேன். அவர்களுக்கு அது உவமை இல்லை. அப்பா, பிதாவே என்று கூப்பிடலாம் என்பது அவர்கள் முதுகை நிமிர்த்திய வார்த்தை.

ஆனால் பழகிப்போன பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அதே குனிந்த முதுகோடு அது கோயிலுக்குள்ளும் வந்துவிட்டது. 'சாமி கண்ணைக் குத்தும்' என்பது 'கர்த்தர் அடிப்பார்' என்று மாறியது. காலையில் ஜெபிக்காமல் பைக்கை எடுத்தேன், அதனால்தான் விழுந்தேன் என்று பேசுகிறோம். தசமபாகத்தைக் கர்த்தருக்குக் கொடுக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று பிரசங்கபீடத்திலிருந்தே நான் கேட்டிருக்கிறேன். சுனாமி வந்த 2004-லும் ஒக்கி புயல் வந்த 2017-லும், செத்தவர்களைப் பாவிகள் என்று தீர்ப்புச் சொன்னவர்கள் இருந்தார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் கேட்கும்படி அப்படிப் பேசியது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று இயேசு நேரடியாக மறுத்திருக்கிறார். அதே மூச்சில், மனந்திரும்புங்கள் என்று கேட்டவர்களிடமே சொல்லவும் செய்தார். செத்தவர்கள்மேல் விரல் நீட்டக்கூடாது, தன் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதில் எனக்குக் கிடைத்த பாடம்.

உண்மையான தெய்வ பயம் வந்தால் மற்றப் பயங்கள் சிறுத்துப்போகும். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். 1745-ல் ஞானஸ்நானம் பெற்றார், பிறகு திருவிதாங்கூர் ராஜாவின் சிறை, 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் ரோமில் புனிதராக அறிவித்தார்கள். ராஜாவுக்குப் பயப்படாத மனிதர் யாருக்குமே பயப்படாதவர் என்று நினைக்காதீர்கள். மத்தேயு 10:28-ல் சரீரத்தைக் கொல்லுகிறவர்களுக்குப் பயப்படவேண்டாம், தேவனுக்கே பயப்படுங்கள் என்று சொன்ன இயேசு, மூன்று வசனம் தாண்டி, பயப்படாதிருங்கள், அநேகம் அடைக்கலான் குருவிகளைவிட நீங்கள் விசேஷித்தவர்கள் என்கிறார். அந்த மூன்று வசன தூரத்துக்குள்தான் தேவசகாயம் பிள்ளை நின்றார்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. கிருபை இருக்கிறது, எதுவும் பரவாயில்லை என்கிற பேச்சு எனக்குக் கவலை தருகிறது. ஹிட்லரின் ஆட்சியில் 1945-ல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் அதை மலிவான கிருபை என்றார். மனந்திரும்பாமலே மன்னிப்பு என்று சொல்லிக்கொள்வதைத்தான் அப்படிச் சொன்னார். நிஜக் கிருபை வந்த வீட்டில் என்ன நடந்தது? வரி வசூலிக்கிற சகேயு ஒன்றும் திருப்பிக் கொடுக்குமுன்பே, இன்றைக்கு உன் வீட்டிலே தங்கவேண்டும் என்று இயேசு சொல்லிவிட்டார். கிருபை முதலில் வந்தது. உடனே அந்த மனிதர் எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறார். கேட்காமலே கொடுக்கிறார். மன்னிப்பிலிருந்து பயம் பிறப்பதை லூக்கா ஒரு சாப்பாட்டு வீட்டில் வைத்துக் காட்டியிருக்கிறார்.

இனி திருவிருந்து. நீங்கள் பயப்படுகிற 1 கொரிந்தியர் 11-ஐத் திறந்து 27-லிருந்து வாசிக்காமல் 17-லிருந்து வாசியுங்கள். அபாத்திரமாய் என்பது எப்படிப் புசிக்கிறோம் என்பதைப் பற்றிய சொல். பாத்திரமான ஆட்கள் மட்டும் வரலாம் என்று பவுல் சொல்லவில்லை. அப்படியானால் பந்தியில் ஒருவரும் உட்கார முடியாது. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், ஏழைச் சகோதரன் பசியோடு இருந்தான். அதைத்தான் பவுல் கண்டிக்கிறார். 28-ஆம் வசனம், தன்னைத்தானே சோதித்தறிந்து, விலகிப்போகக்கடவன் என்றா சொல்கிறது? சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறது. தன்னைச் சோதித்தறிவது பந்திக்கு வருகிற வழி.

அதே சமயம் இதைக் கேட்டுவிட்டு லேசாகிவிட வேண்டாம். சகோதரனுடைய பங்கைத் தின்றுவிட்டுப் பந்திக்கு வருவதுதான் அங்கே குற்றம் என்றால், அண்ணன் பணத்தை வைத்துக்கொண்டிருக்கிற உங்களை அந்த வசனம் தொடத்தான் செய்கிறது. உங்கள் மனச்சாட்சி பொய் சொல்லவில்லை. போக வேண்டிய திசையைத்தான் தவறாகச் சொல்லிவிட்டது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்று மத்தேயு 5-ல் இயேசு சொல்கிறார். 'பின்பு வந்து' என்ற சொல் அங்கே இருக்கிறது, பாருங்கள்.

நம் ஆராதனை முறையில் அப்பத்தை வாங்குமுன் ஒரு ஜெபம் இருக்கிறது. எங்கள் சொந்த நீதியை நம்பி உமது பந்திக்கு வரத் துணியவில்லை, உமது மிகுந்த இரக்கங்களை நம்பியே வருகிறோம் என்ற பொருளில் வரும். 1548-ல் இங்கிலாந்தில் பேராயர் கிரான்மர் எழுதியது, சுற்றிச் சுற்றி நம் கையிலும் வந்து சேர்ந்திருக்கிறது. வரத் துணியவில்லை என்று சொல்லிக்கொண்டே வருகிறோம். எத்தனையோ வருடம் மனப்பாடமாகச் சொன்ன ஜெபம், ஒரு நாள் என் வாயில் நின்றுவிட்டது. நீங்கள் கேட்ட கேள்வி முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

இடையில் ஒன்று. தூக்கம் வராமல், ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் மன்னிப்பு நிற்கும் என்ற மாதிரி பயம் இருந்தால், அதைப் போதகரிடம் மட்டும் இல்லாமல் மனநல மருத்துவரிடமும் சொல்லுங்கள். திருச்சபைச் சீர்திருத்தம் செய்த லூத்தர் மடத்தில் இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்துவிட்டு, விட்டுப்போன ஒன்று ஞாபகம் வந்து திரும்ப ஓடினவர். அந்த வேதனையில் இருப்பவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

மற்றபடி, இந்த வாரமே அண்ணன் வீட்டுக்குப் போங்கள். போனில் வேண்டாம். நிலம் என்ன விலைக்குப் போனது, அவருக்கு எவ்வளவு சேர வேண்டும், நீங்கள் எவ்வளவு குறைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மொத்தமும் கையில் இல்லாவிட்டால் இருப்பதைக் கொண்டுபோய், மீதியை எந்தெந்த மாதம் தருவீர்கள் என்றும் எழுதிக் கொடுங்கள். கடன் இருந்தது, சூழ்நிலை அப்படி என்று தொடங்க வேண்டாம். "அண்ணே, உன் பணத்த நான் மறச்சேன்" என்று தொடங்குங்கள். அண்ணி பக்கத்தில் இருந்தால் அவர்கள் முன்பாகவே சொல்லுங்கள், அந்தப் பணம் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் உள்ளது. அவர் சத்தம் போடலாம், அன்றைக்கே மன்னிக்காமலும் போகலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அவர் மன்னிக்கும்வரை திருவிருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்புரவாக உங்களால் முடிந்ததைச் செய்துவிட்டு வாருங்கள்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு என்றைக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலமே ஊருக்கு வந்துவிடுங்கள். பாட்டிக்கு நடக்க முடியும் என்றால் அவர்களையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். போகிற வழியில், "தெய்வ பயம் வேணும்னு சொல்லுவீங்களே பாட்டி, என்ன நெனச்சுச் சொன்னீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.